கட்டிலில் ஓர் இறக்கை

ஜூன் 8, ஞாயிறு

இன்று என் விமானம் பின்னோக்கிப் பறந்தது. முன்னோக்கி ஓட்டியது நான்; பின்னோக்கிக் கொண்டுபோனது தென்மேற்குப் பருவக்காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆண்டுதோறும் தவறாமல் வரும் இந்தக் காற்றைப் பற்றி விமானம் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு வார்த்தையும் இல்லை.

விமானம் என்றால் ரிமோட்டில் ஓட்டும் பொம்மை விமானம், தெர்மோகோல் போன்ற ஒன்றால் ஆனது; ஒரு தேங்காயைவிட எடை குறைவு. நான் ஓய்வு பெற்றபோது மருமகன் கனடாவில் கால்கரியிலிருந்து வாங்கி அனுப்பியது. கல்லூரியில் இத்தனை வருடம் விலங்கியல் நடத்தியவனுக்குப் பறக்கும் பொருள் எதுவும் பிடிக்கும் என்று அவர் கருதியிருக்கலாம்.

ரெட்டியார்பட்டிக்கு அப்பால் 'கோல்டன் அவென்யூ' என்ற மனைப்பிரிவு இருக்கிறது. நுழைவு வளைவு, தார்ச்சாலை, எண் போட்ட கற்கள், சறுக்குமரம் வைத்த பூங்கா என்று எல்லாம் உண்டு, வீடு மட்டும் கிடையாது. அந்தத் தார்ச்சாலைதான் எங்கள் ஓடுதளம். பறக்க வருகிறவர்களில் மூத்தவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. ஜங்ஷனில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். இங்கே ஒரு மனை வாங்கிப் போட்டதில் இதுவரை கண்ட ஒரே பலன் இந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்பார். நான் முள்ளுக்குள்ளிருந்து விமானத்தை எடுத்துவந்தபோது, "சார், காத்தாடி விடுததுக்கு நூலும் வாங்கிருக்கலாமே" என்றார்.

ஜெமீலா சிரிக்கவில்லை. அவர் மேலப்பாளையத்தில் பல் மருத்துவர். என் மகளைவிட இரண்டு வயது இளையவர். புதியவர்களுக்குக் கற்றுத்தருவது அவர்தான். வாயைத் திறக்கச் சொல்லும் அதே குரலில், பெரிய விமானம் வாங்கச் சொன்னார். சின்னதுதான் பழக லேசு என்று எல்லாரும் நினைக்கிறார்களாம், அது தப்பாம். பெரியது நிதானமாகப் போகும், காற்றுக்கு நிற்கும், தூரத்திலும் தெரியும். "உங்களுக்குக் கண்ணும் ஒரு விஷயம்தானே சார்" என்று முடித்தார்.

என் மனைவி கிளாடிஸ் ஏப்ரலில் கால்கரிக்குப் போனாள், மகள் பிரிசியின் பிரசவத்துக்காக. திரும்பி வரும் டிக்கெட் அக்டோபர் 25. அதற்குள் ஒன்றைத் தனியாக ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டால் அவளுக்குக் காட்டலாம். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் அவள் சொன்னது, "ஏதாவது ஒண்ணைத் தனியாச் செஞ்சு பழகுங்க." சமையலைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணாச்சி தன் பழைய பயிற்சி விமானத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். மஞ்சள் நிறம். பால்சா என்ற லேசான மரம், மேலே ஒட்டிய மெல்லிய தாள். இறக்கை ஆறடிக்குக் கொஞ்சம் மேல். அந்த இறக்கையை உடலோடு பிணைப்பது ரப்பர் பேண்டுகள். மிட்டாய்ப் பெட்டிக்குப் போடும் அதே சாமான். மோதினால் இறக்கை முறியாமல் கழன்று விழுவதற்கு இதுதான் நல்லது என்கிறார் ஜெமீலா.

ஆல்டோ காரில் இறக்கையை ஏற்றினால் முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடிவரை போகிறது. பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார முடியாது. உட்கார யாரும் இல்லாததால் இது ஒரு குறை ஆகாது.

ஜூன் 16, திங்கள்

இறக்கையை வைக்க இடம் தேடினேன். ஹாலில் சோபாவும் கிளாடிஸின் ஆர்மோனியமும். நடையில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஸ்டோர் ரூமில் கறையான். சுவரில் சாய்த்தால் வளைந்துவிடுமாம். ஆறடி நீளத்துக்குத் தட்டையாக இருக்கும் ஒரே இடம் கட்டில். வலது பக்கத்தில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு வைத்தேன். நீளம் கச்சிதம். தற்காலிக ஏற்பாடு.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பறப்பு. முறை இது: என் கையில் ஒரு ரிமோட், ஜெமீலா கையில் ஒன்று, இரண்டையும் இணைத்து ஒரு வயர். அவர் தன் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை நான் ஓட்டலாம். நான் தப்புச் செய்தால் அவர் விரலை எடுப்பார், விமானம் அவருடையதாகிவிடும். அவர் அதை நிமிர்த்தித் திரும்ப என்னிடம் தருவார். முப்பது வருடங்களுக்கு மேல் குடும்பம் நடத்தியவனுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பெரியது நிதானம் என்றது உண்மை. சின்னது ஈ மாதிரி. இது ஊர்வலத்துக்கு வந்த யானை மாதிரி, என்ன சொன்னாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுச் செய்கிறது. காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. தூரத்தில் போகும்போது நன்றாக ஓட்டினேன். என்னை நோக்கித் திரும்பியதும் ஜெமீலா விரலை எடுத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

கால்கரியிலிருந்து வீடியோ அழைப்பு. குழந்தையின் எடை சரியாக இருக்கிறது. படுக்கையறையில் இருந்தபடி பேசினேன். கட்டில் தெரியாமல் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். விமானத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது என்றால் இடது, வலது என்றால் வலது. நம்மை நோக்கி வரும்போது இரண்டும் மாறிவிடும். இதைச் சொன்னால் குழந்தைக்கும் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் அது முகத்துக்கு நேரே வரும்போது என் கட்டைவிரல் புரியாத பக்கம் போகிறது. இன்று அப்படிப் போய், சறுக்குமரத்துக்கு மேல் ஒரு முழ உயரத்தில் ஜெமீலா பிடித்துத் தூக்கினார்.

"பூங்காவைத் திறந்து வச்சிட்டீங்க சார். ரிப்பன்தான் வெட்டலை" என்றார் அண்ணாச்சி.

ஜெமீலா ஒரு வழி சொன்னார். இடமா வலமா என்று யோசிக்க வேண்டாமாம். வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ள வேண்டும். "விழுற பக்கத்துக்கு முட்டுக் கொடுக்குற மாதிரி, அவ்வளவுதான்" என்றார். விழுகிற பொருளுக்கு எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் விலங்குகளின் இயல்பு என்று விளக்கினேன். அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது போல என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 2, சனி

என்ஜினுக்கு ஊற்றுவது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த திரவம். அந்த டப்பாவையும் மற்ற சாமான்களையும் வைக்க இடம் தேடி, கிளாடிஸின் பீரோவைத் திறந்தேன்.

இவ்வளவு இடம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பட்டுப் புடவைகள் இருந்த தட்டு காலி. கால்கரியில் ஞானஸ்நானம், விருந்து என்று ஏதாவது இருக்கும். அவளுடைய அம்மாவின் படம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்துச் சான்றிதழ்கள் வைத்திருந்த பச்சை ஃபைலும் இல்லை. வெளிநாட்டில் எதற்கு எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. பிரசவம் பார்க்கப் போகிறவள் பி.எட். சான்றிதழை எடுத்துப்போவது முன்யோசனையைத்தான் காட்டுகிறது.

பட்டுப் புடவைத் தட்டில் டப்பா, பேட்டரி, உதிரி விசிறிகள் எல்லாம் அடங்கிவிட்டன. நல்ல பீரோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு பருந்து என் விமானத்தோடு இரண்டு சுற்று வந்தது. உண்ணவும் ஆகாது, இணை சேரவும் ஆகாது என்று முடிவு செய்து விலகிப் போனது. சரியான முடிவு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பிரிசி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். அங்குள்ள தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் கிளாடிஸ். நீல நிற அங்கி போட்டு, முன் வரிசையில், தனியாக ஒரு சரணம் பாடுகிறாள். இங்கே பாளையங்கோட்டையில் அவள் பின் வரிசைதான். அந்த ஹாலின் ஒலியமைப்பு நன்றாக இருக்கிறது. ஒலியமைப்பைச் சரிபார்க்கப் பல தடவை கேட்டேன்.

பதிலாக, "மைக் நல்ல மைக்" என்று எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஞாயிறு காலை கிளாடிஸ் பேசும் நேரமும் நான் மைதானத்தில் இருக்கும் நேரமும் ஒன்று. முதலில் நான் இரண்டு அழைப்புகளைத் தவறவிட்டேன். இப்போது அழைப்பு வருவதில்லை, ஆகவே தவறவிடுவதும் இல்லை. அங்கே அது சனிக்கிழமை மாலை, பாடல் பயிற்சி. வசதியாகப் போயிற்று.

மார்க்கெட்டில் எங்கள் சபை குருவானவரைப் பார்த்தேன். ஞாயிறு ஆராதனைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார். வானத்தை நோக்கித்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்றேன். அம்மா எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். அக்டோபர் இருபத்தைந்து. பால்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு அம்மா என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் சொல்ல வருகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று சாயங்காலம் பிரிசி பேசினாள். அப்பா சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, அம்மா இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமே என்றாள். விசா என்ன ஆகும் என்றேன். அதை ஜூலையிலேயே நீட்டிக்கக் கொடுத்தாயிற்றாம். ஜூலை. பிரிசி எப்போதுமே காரியத்தில் கெட்டி.

பிறகு கிளாடிஸ் வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் குளிரில் கரடியே ஆறு மாதம் தூங்கி எழுந்துதான் முடிவெடுக்கும், நீ ஏன் அவசரப்படுகிறாய் என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிப் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள். சிக்னல் சரியில்லை.

குழந்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மீண்டும் தப்புப் பக்கம். ஜெமீலா பிடித்து இறக்கிவிட்டு, வயரைச் சுற்றியபடியே சொன்னார்: "போகும்போது நல்லாத்தான் ஓட்டுதீங்க சார். கிட்ட வரும்போதுதான் உங்களுக்கு என்னமோ ஆயிருது."

பல் டாக்டர்கள் வலிக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 4, சனி

வீட்டுக்குள் பயிற்சி. நிலைக்கண்ணாடி முன் நின்று, கையில் ஒரு மர ஸ்கேலை விமானம் போலப் பிடித்து, என் முகத்தை நோக்கிச் சாய்த்துச் சாய்த்து மறு கையின் கட்டைவிரலை நகர்த்தினேன். தாழ்கிற பக்கம். தாழ்கிற பக்கம். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு அம்மா பார்த்தாள். மத்தியானம் ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தனுப்பினாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ரசம் நன்றாக இருந்தது.

இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அதில் தெறித்திருந்த விளக்கெண்ணெய் விரிப்பைத் தாண்டி மெத்தையில் இறங்கியிருக்கிறது. சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்த்தேன். மெத்தைக்கு இப்போது எண்ணெய் வாசனையும் சீயக்காய் வாசனையும் இருக்கின்றன. பழைய வாசனை எதுவும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று ஒரு தடவைகூட ஜெமீலா விரலை எடுக்கவில்லை. அடுத்த வாரம் வயர் இல்லாமல் பறக்கலாம் என்றார். மழை வருவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம்.

கிளாடிஸுக்கு எழுதினேன்: அடுத்த ஞாயிறு, எங்கள் நேரம் காலை ஏழு மணிக்கு வீடியோவில் வர முடியுமா? ஒன்று காட்ட வேண்டும்.

பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

காற்று குறைவு. மேற்கே மேகம். அண்ணாச்சி என் போனைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார். ஜெமீலா இரண்டு ரிமோட்டுக்கும் நடுவிலிருந்த வயரைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஏழு மணிக்கு அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அண்ணாச்சி போனை ஆகாயத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடியே, "அடிக்குது சார், அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேகம் ஏறி வருவதைப் பார்த்த ஜெமீலா, இப்போது போனால்தான் உண்டு என்றார்.

போனேன். தார்ச்சாலையில் ஓடி, வளைவைத் தாண்டி மேலே எழும்பியது. ஓட்டுகிறவன் நான் மட்டும்தான் என்பது அதற்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல ஒரு கணம் யோசித்துவிட்டுச் செய்தது. தூரத்தில் சின்ன மஞ்சள் கோடு. திருப்பினேன். அது என்னைப் பார்த்து வரத் தொடங்கியது. நடுவழியில் காற்று அடித்து ஒரு இறக்கை தாழ்ந்தது. கட்டைவிரல் ஓடப் பார்த்தது. ஓடவிடவில்லை. தாழ்ந்த பக்கமே தள்ளினேன். நிமிர்ந்தது.

இறங்கியது சாலையில் அல்ல, பக்கத்து முள்ளில். எதுவும் உடையவில்லை. அண்ணாச்சி அங்கிருந்த எண் கல்லைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: "நாப்பத்திரண்டு. என் மனைல்லா சார் அது. இந்த நகர்லயே மொதல்ல குடியேறுனது நீங்கதான்."

ஜெமீலா கை கொடுத்தார். யாராவது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். அண்ணாச்சி இன்னும் போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தார். அழைப்பு எப்போதோ நின்றிருந்தது. என் முதல் தனிப் பறப்புக்கு இருக்கும் ஒரே பதிவு, எடுக்கப்படாத இரண்டு அழைப்புகள்.

அதே நாள், மாலை

கிளாடிஸ் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நேற்றுப் பயிற்சி நீண்டுவிட்டதாம், போன் பைக்குள் இருந்ததாம்.

"நல்லபடியா எறங்கிச்சா?" என்று கேட்டாள்.

எது என்றேன்.

"மஞ்சளா, என் எடத்துல படுக்கப் போட்டிருக்கீங்கள்லா, அது."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் நிலைக்கண்ணாடி எதிரே வருகிறது, கட்டில் முழுக்க அதில் தெரியும் என்றாள். ஜூலையிலிருந்தே பார்க்கிறாள். நான் சொல்வேன் சொல்வேன் என்று இருந்திருக்கிறாள்.

"நீ கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க வேடிக்கையா ஏதாவது சொல்லுவீங்க. நானும் போனை வச்சிருவேன்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இருபத்தைந்தாம் தேதி அவள் வரவில்லை. எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வருவாளா என்பதையும் இப்போது கேட்கக் கூடாது. "இங்க நான் ஒண்ணு சொன்னா, சொல்லி முடிக்குத வரைக்கும் காத்துட்டு இருக்காங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

இதற்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல வரி இருந்தது. உண்மையிலேயே நல்ல வரி. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"சொல்லு. கேக்கேன்" என்றேன்.

 போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. பிறகு பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை. நீளமானது, அதோடு அது அவளுடையது. நடுவில் நான் பேசவில்லை. வெளியே இருட்டிவிட்டது, எழுந்து லைட்டைப் போடவில்லை. முடிவில், "இருக்கீங்களா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 18, சனி

அண்ணாச்சியிடம் துளையிடும் மிஷின் வாங்கிவந்து, ஹால் சுவரில் நானே மூன்று கொக்கிகள் அடித்தேன். முதல் இரண்டும் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தன, மறுபடி அடித்தேன். சாய்த்தால்தான் வளையும், படுக்கைவசமாகத் தொங்கவிட்டால் வளையாது என்று ஜெமீலா சொன்னார். இதை ஜூன் மாதமே கேட்டிருக்கலாம். ஆர்மோனியத்துக்கு மேலே இறக்கை தொங்குகிறது. பீரோவின் தட்டைக் காலி செய்து துடைத்தேன். டப்பாக்கள் இப்போது ஸ்டோர் ரூமில், கறையானோடு.

மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன். கறை போகவில்லை. மறுபக்கம் புரட்டிப் போட்டுப் புது விரிப்பு விரித்தேன்.

அக்டோபர் 25, சனி

மழை. நாளை பறக்க முடியாது.

அவள் வந்திருக்க வேண்டிய விமானத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். சரியான நேரத்துக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டது.

மருந்துக்கடைக்காரர், அம்மா வந்தாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர் மிட்டாய் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த இறக்கை ஆறடிக்குக் கொஞ்சம் மேல். அது கிடந்த இடம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. நான் இடது பக்கமே படுக்கிறேன்.